விரல்களுக்கும் சித்திரம் கற்பிப்போம்

பாடசாலைச் சித்திர வகுப்பில் மேசைமீது பனங்காய் ஒன்று வைக்கப்படுகிறது. பிள்ளைகள் தூரத்திலிருந்து பார்த்து ஒரு வட்டத்தை வரைந்து கறுப்பு நிறம் தீட்டிவிடுகிறார்கள். பனங்காய் பற்றி ஏற்கெனவே மனத்திற் பதிந்திருந்த வட்டமே தாளில் விழுகிறது. உற்றுப் பாருங்கள் என்று ஆசிரியர் எத்தனை தடவை சொன்னாலும் பயன் குறைவு. அதைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள் என்று சொல்வோர் அரிது.

கண்களை மூடி இரண்டு நிமிடம் தடவினால் போதும். காம்படியில் தொப்பிபோற் கவிந்திருக்கும் கடினமான இதழ்கள், வழுவழுப்பான தோல், காயின் கனம், வளைவு திரும்பும் இடம் ஆகியவற்றை விரல்கள் அறிந்துகொள்கின்றன.

நியூயோர்க்கில் ஓவியம் கற்பித்த கிமோன் நிக்கொலாய்டிஸ் என்பவர் இதனையே தமது கற்பித்தலின் அடித்தளமாக்கினார். பென்சில் முனை தாளை அன்றி, வரையப்படும் பொருளையே தொட்டு ஊர்கிறது என்ற உணர்வு வரும்வரை மாணவர் காத்திருக்க வேண்டும் என்பது அவரது பயிற்சி. 1938 இல் அவர் காலமானார். அவரது நூல் 1941 இல் வெளிவந்தது.

கண்ணுக்கும் கைக்கும் உள்ள உறவை விஞ்ஞானமும் ஆராய்ந்திருக்கிறது. பிறவியிலேயே பார்வையிழந்து, பின்னர் சத்திரசிகிச்சையால் பார்வை பெற்ற இந்தியப் பிள்ளைகள் சிலரிடம் பவன் சின்ஹா குழுவினர் நடத்திய ஆய்வு 2011 இல் வெளியானது. கையால் அறிந்த பொருளை அப்பிள்ளைகளால் உடனடியாகக் கண்ணால் இனங்காண முடியவில்லை. ஆயினும் சில நாட்களிலேயே அத்திறன் கைகூடத் தொடங்கியது. இவ்வுறவு பழக்கத்தால் வளர்வது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

மலையையும் முகிலையும் தொட முடியுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிறத்தையும் ஒளியையும் விரல் அறியாது. அதுமட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தையும் கை சொல்லிவிடும். அதனையும் சேர்த்து வரைந்தால் படம் பிழைத்துவிடும். எனவே முதலில் தொட வேண்டும்; பின்னர் பொருளை மேசையில் வைத்துவிட்டு, ஒரே இடத்திலிருந்து பார்த்து வரைய வேண்டும். எதைத் தேடுவது என்பதை அப்போது கண் அறிந்திருக்கும்.

கைத்தொலைபேசித் திரையில் உள்ள படத்தைப் பார்த்து வரையும் காலம் இது. அங்கே விரலுக்குக் கிடைப்பது கண்ணாடியின் வழுவழுப்பு மாத்திரமே. ‘எனக்கு வரைய வராது’ என்று பத்து வயதிலேயே பென்சிலைக் கீழே வைத்துவிடும் பிள்ளையிடம் ஒரு சிரட்டையையோ சங்கையோ கொடுத்துத் தடவச் சொல்லுங்கள். செலவு ஏதுமில்லாத இந்தப் பயிற்சிக்கு ஒவ்வொரு சித்திர பாடத்திலும் ஐந்து நிமிடங்களை ஒதுக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.