விளம்பரம் வீட்டைப் பற்றிப் பேசட்டும்

‘இந்தியர்கள் வேண்டாம், சீன நாட்டவர் வேண்டாம்’ என்று வெளிப்படையாகச் சொல்லும் வாடகை விளம்பரங்கள் சிங்கப்பூரில் வெளிவருவதை 2014ஆம் ஆண்டில் பிபிசி செய்தியாக்கியது. விளம்பரங்கள் எந்த இனத்தையும் சமயத்தையும் பாகுபடுத்துவதாகவோ புண்படுத்துவதாகவோ இருக்கக்கூடாது என்று சொத்து முகவர் மன்றம் முகவர்களுக்கு வழிகாட்டுகிறது. அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

செங்காங்கில் அறை தேடிய என் சக மாணவர் ஒருவரின் அனுபவம் வேறு மாதிரி. அவர் பார்த்த விளம்பரத்தில் இனத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால், வாட்ஸ்அப்பில் வந்த முதல் கேள்வியே ‘என்ன இனம்?’ என்பதுதான். பதில் சொன்னதும், அறை போய்விட்டது என்றார்கள். ஒரு வாரம் கழித்தும் அதே விளம்பரம் அப்படியே இருந்தது.

இதைக் கேட்ட சிலர், “வெளிப்படையாக எழுதிவிட்டால் வீண் அலைச்சலாவது மிஞ்சுமே” என்கிறார்கள். நியாயமான வாதம்போலத் தோன்றினாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. நிராகரிப்பு ஒருவரைக் காயப்படுத்துகிறது. விளம்பரமோ அதைப் படிக்கும் எல்லாருக்கும் ‘இவர்களை ஒதுக்குவது இயல்புதான்’ என்று கற்றுக்கொடுக்கிறது. வீடு தேடாத பள்ளிப் பிள்ளையும் அதைப் படிக்கிறது.

அமெரிக்காவில் 1968ல் இயற்றப்பட்ட நியாய வீடமைப்புச் சட்டம் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டது. நான்கு வீடுகளுக்கு மேல் இல்லாத கட்டடத்தில் தாமும் குடியிருக்கும் உரிமையாளருக்கு, அச்சட்டத்தின் பல விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால், பாகுபாட்டை விளம்பரத்தில் எழுத அவருக்கும் அனுமதியில்லை.

இங்கே 1989ல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, வீவக வீடுகளை வாங்கும்போதும் விற்கும்போதும் இன விகிதத்தைக் கவனிக்கிறது. அதனால்தான் கம்பஸ்வேலிலும் ஃபெர்ன்வேலிலும் எல்லா இனத்தவரும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறோம். வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தையும் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. அது வேலையிடத்திற்கானது, வாடகை வீட்டுக்குப் பொருந்தாது. சொத்து முகவர் மன்றத்தின் வழிகாட்டுதலும் முகவர்களுக்குத்தான். தாமே விளம்பரம் செய்யும் உரிமையாளருக்கும் அதே விதி வேண்டும் என்பது என் கருத்து.

உரிமையாளர்களுக்குக் கவலைகள் இருப்பது உண்மை. வீவக வீட்டைக் குறைந்தது ஆறு மாதத்திற்கு வாடகைக்கு விட வேண்டும். சமையல் வாடை, சேதம், வாடகைப் பாக்கி என அவர்கள் யோசிப்பதில் தவறில்லை. ஆனால், இவற்றுக்கெல்லாம் ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது. முன்பணம் எவ்வளவு, எண்ணெயில் பொரிக்கலாமா, விருந்தினர் தங்கலாமா என்று எழுதலாம். நிபந்தனை, நடத்தையைப் பற்றியது. அதை யாரும் ஏற்று நடக்கலாம். பிறப்பை யாராலும் மாற்ற முடியாது.

நம் சமூகமும் இதில் விதிவிலக்கல்ல. ‘சமையலறையில் அசைவம் சமைக்க வேண்டாம்’ என்பது வீட்டு விதி. ‘இன்ன ஊர்க்காரர், இன்ன சமூகத்தினர் மட்டும்’ என்பது பாகுபாடு. முதலாவதை எழுதலாம், இரண்டாவதை நாமும் எழுதக்கூடாது.

பல்கலைக்கழக மாணவர்களான நாமும் டெலிகிராம் குழுக்களில் அறைத்தோழர் தேடி விளம்பரம் போடுகிறோம். அடுத்த முறை போடும்போது வாடகை, எம்ஆர்டி நிலையத்திற்கு உள்ள தூரம், வீட்டு விதிகள் ஆகியவற்றை எழுதுவோம். யாராவது விசாரித்தால், ‘எப்போது வந்து பார்க்கிறீர்கள்?’ என்பது நம் முதல் கேள்வியாக இருக்கட்டும்.