கோட்டைத் தபாலகம் யாருக்கு?

கொழும்பு கோட்டையில், ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே, 1890களில் கட்டப்பட்ட பழைய பிரதம தபாலகம் நிற்கிறது. போர்க்காலத்தில் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தபால் சேவையை அங்கிருந்து டி. ஆர். விஜேவர்தன மாவத்தைக்கு மாற்றினார்கள். இத்தகைய கட்டடங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் நாட்டில் ஹோட்டலும் கடைத்தொகுதியும்தாம் முந்திக்கொண்டு வருகின்றன. நுவரெலியா தபாலகத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து, 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க நேர்ந்தது. கோட்டைத் தபாலகத்துக்கு அந்த நிலை வரக்கூடாது. அதைப் புனரமைத்துத் தபால் நூதனசாலையாக்க வேண்டும். கீழ்த்தளத்தில் முத்திரை விற்கவும் கடிதம் பதியவும் ஒரு கருமபீடமும் இயங்கவேண்டும்.

இது நடக்கக்கூடிய காரியம் என்பதற்குப் புறக்கோட்டையிலேயே சான்று இருக்கிறது. பிரின்ஸ் வீதியின் ஒல்லாந்தர் நூதனசாலை, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆளுநர் தோமஸ் வான் ரேயின் இல்லமாக இருந்த கட்டடம். பின்னர் அது அநாதை இல்லம், வைத்தியசாலை, பொலிஸ் பயிற்சி நிலையம், தபாலகம் எனப் பல வேலைகளுக்குப் பயன்பட்டது. 1970களின் தொடக்கத்தில் மழைக்கு ஒரு பகுதி இடிந்து விழுந்தபோது, மிச்சத்தையும் தகர்த்துவிட்டுப் புதிய தபாலகம் எழுப்பவே எண்ணினார்கள். மரபில் அக்கறை கொண்டவர்கள் விடாமல் எதிர்த்ததால் கட்டடம் தப்பியது. 1977இல் புனரமைப்புத் தொடங்கி, 1982இல் நூதனசாலை திறக்கப்பட்டது. தடித்த தூண்களும் உள்முற்றமும் இன்றும் நமக்கு இருப்பது அந்தப் பிடிவாதத்தால்தான். ஆனாலும் அங்கே ஒரு குறை உண்டு. காட்சிக்கூடங்களில் ஒல்லாந்தரின் தளபாடங்களும் நாணயங்களும் பீங்கான்களுமே மேலோங்கி நிற்கின்றன. ஒல்லாந்தர் போனபின் அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்திய நம்மவரின் கதைக்கு அந்த அளவு இடமில்லை.

கோட்டைத் தபாலகத்தில் அந்தக் குறை வரக்கூடாது. அதைக் கட்டியவர், தேசிய நூதனசாலையையும் கட்டிய கொழும்பு முஸ்லிம் ஒப்பந்தக்காரர் வாப்புச்சி மரைக்கார். அதை நடத்தியவர்கள் தந்தி அடித்த, கடிதம் பிரித்த, இரவுத் தபால் ரயிலில் மூட்டை ஏற்றிய ஊழியர்கள். வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி யாழ்ப்பாணத்துக்குக் காசுக்கட்டளை அனுப்பிய கிளறிக்கல்மாருக்கும், கொட்டாஞ்சேனையிலிருந்து தமிழகத்து உறவுகளுக்குக் கடிதம் எழுதிய குடும்பங்களுக்கும் ஊர் என்பதே அந்தக் கடிதங்களில்தான் இருந்தது. 1857இல் வெளியான இலங்கையின் முதல் முத்திரையை ஒரு கண்ணாடிப் பேழையில் வைத்தால் போதும். அதைவிட அதிக இடம் இவர்களுக்கு வேண்டும், மூன்று மொழிகளிலும் ஒரே கவனத்தோடு எழுதிய விளக்கங்களுடன்.

கடன் சுமையில் இருக்கும் அரசுக்கு நூதனசாலை ஆடம்பரம் என்பார்கள். 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் வைத்தியசாலையைக் காட்டுவார்கள். பழைய தபாலகத்தை ஃபுல்லர்ட்டன் ஹோட்டலாக்கிய சிங்கப்பூரையும் காட்டுவார்கள். வருமானம் வேண்டும் என்பது நியாயமான வாதம். மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமடைந்த ஒல்லாந்தர் வைத்தியசாலைக்கு மீண்டும் உயிர் வந்ததும் நல்லதே. ஆனால் அங்கே ஒரு வேளை சாப்பிடும் செலவைக் கூலித்தொழிலாளியின் குடும்பம் தாங்காது. தபாலகமோ முத்திரைக்காசு கொடுத்த எவரும் உள்ளே நுழையக்கூடியதாக இருந்த இடம். அந்த உரிமையை விற்றுத்தான் கூரையைத் திருத்தவேண்டும் என்பதில்லை. ஒரு பகுதியைச் சிற்றுண்டிச்சாலைக்கும் புத்தகக்கடைக்கும் வாடகைக்கு விடலாம். சேகரிப்பாளர்களுக்கான முத்திரை விற்பனையை அங்கேயே நடத்தலாம். இவையெல்லாம் முழுச்செலவையும் ஈடுசெய்யா. மிச்சத்தை அரசு ஏற்கத்தான் வேண்டும், பொது நூலகத்துக்குச் செய்வதுபோல.

நூதனசாலை என்றால் தூசி படிந்த, ஆளில்லாத மண்டபம் என்ற எண்ணமும் இருக்கிறது. கருமபீடம் வேண்டும் என்பது அதற்காகவும்தான். கடிதம் பதிய வருபவர் அப்படியே மாடியேறிப் பார்ப்பார். பாடசாலைப் பிள்ளைகள் தாமே எழுதிய தபாலட்டையை அங்கேயே பெட்டியில் போடலாம். ஆகவே எந்த முதலீட்டாளரிடமும் விலை கேட்பதற்கு முன்னர், தொல்பொருள் திணைக்களமும் தபால் திணைக்களமும் சேர்ந்து கட்டடத்தின் நிலையை ஆராய்ந்து, அந்த அறிக்கையை மூன்று மொழிகளிலும் பொதுமக்கள் முன் வைக்கட்டும்.