பறவை பார்க்க வருவோருக்கு வழிகாட்டப்போவது யார்?

பறவைகளைப் பார்ப்பதற்கென்றே நாடு விட்டு நாடு செல்லும் உல்லாசப் பயணிகளின் தொகை உலகெங்கும் பெருகி வருகின்றது. விடியுமுன் எழுந்து, காட்டோரத்தில் மணிக்கணக்கில் காத்திருந்து, ஒரு சிறு குருவியைக் கண்ட நிறைவுடன் திரும்புபவர்கள் இவர்கள். வேறெந்த நாட்டிலும் காணப்படாத 30 இற்கும் மேற்பட்ட பறவையினங்கள் இலங்கையில் உள்ளதால் இவர்கள் இங்கு வருவதில் வியப்பேதுமில்லை. ஆனால், இவர்களுக்கு வழிகாட்டுபவர் யார், அதனால் பயன்பெறுபவர் யார் என்பன ஆராயப்பட வேண்டிய வினாக்களாகும். இதற்கு ஹோட்டன் சமவெளியை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல், சுமார் 3,160 ஹெக்டேயர் பரப்பில் அமைந்துள்ள இப்பிரதேசம் 1988 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியின் ஓர் அங்கமாக யுனெஸ்கோ இதனை ஏற்றுக்கொண்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் ஊட்டும் தாய்மடி இது. 'பத்தன' எனப்படும் புல்நிலமும் முகிற்காடும் இங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளன. புல்வெளியில் புதர்ச்சிட்டையும் நெட்டைக்காலியையும் காணலாம். காட்டோரத்தில் இலங்கைக்கே உரித்தான நீல ஈபிடிப்பான், வெள்ளைக்கண்ணி, மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி என்பன வாழ்கின்றன. அடர்ந்த காட்டின் ஓடைக்கரைகளில், அழிவின் விளிம்பை நெருங்கும் சீழ்க்கைப் பூங்குருவி ஒளிந்து வாழ்கின்றது.

விடியற்பொழுதின் மங்கலிலும் அந்தி வேளையிலுமே பெரும்பாலும் வெளிப்படும் இப்பூங்குருவியை அதன் மெல்லிய சீழ்க்கை ஒலியைக் கொண்டே கண்டறிய வேண்டும். அதற்குப் பழகிய செவி வேண்டும். அத்தகைய செவியின் பெறுமதியை நாடு ஏற்கனவே கண்டுள்ளது. 1995 இல் பறவையியலாளர் தீபால் வரகாகொட இனந்தெரியாத ஓர் ஒலியைக் கேட்டார். அவ்வொலிக்குரிய சிறு ஆந்தையை 2001 இல் அவரே சிங்கராஜவில் நேரிற் கண்டார். 2004 இல் அது அறிவியலுக்குப் புதிய இனமாக விவரிக்கப்பட்டது.

எனினும், வழிகாட்டல் தவறினால் அதுவே தீங்காகவும் முடியும். பதிவு செய்யப்பட்ட குரலைக் கைத்தொலைபேசியில் மீண்டும் மீண்டும் ஒலிக்கச்செய்து பறவையை வரவழைக்கும் பழக்கம் பல நாடுகளிலும் கண்டனத்துக்குள்ளாகியுள்ளது. எதிரி வந்துவிட்டதாகக் கருதும் பறவை, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு அலைக்கழிகின்றது. மறுபுறம், முகில் மூடுமுன் உலக முடிவைப் பார்த்துவிட வேண்டுமென விரைந்து வரும் கூட்டமும், பறவைகள் சுறுசுறுப்பாக இயங்கும் அதே காலை வேளையிலேயே பூங்காவை நிறைக்கின்றது. கூச்சலும், மரைகளுக்கு உணவூட்டும் வழக்கமும், வீசப்படும் பொலித்தீனும் அங்குள்ள உயிர்களுக்கு ஊறு விளைவிக்கின்றன. மரங்கள் பட்டுப்போவதும் அந்நியத் தாவரங்கள் பரவுவதும் இக்காட்டை ஏற்கனவே நலிவடையச் செய்துள்ளன.

ஆகவே, வழிகாட்டி என்பவர் பறவையைக் காட்டுபவர் மாத்திரமல்லர், அதனைக் காப்பவருமாவார். காட்டின் வாழ்வோடு தமது வாழ்வும் பிணைந்தவர்களே அப்பணிக்கு உகந்தவர்கள். சிங்கராஜ இதற்குச் சான்று. அங்கு வழிகாட்டியின்றி உட்செல்ல அனுமதியில்லை. காட்டெல்லைக் கிராமங்களின் இளைஞர்களே அப்பணியில் ஈடுபட்டு வருமானம் பெறுகின்றனர். ஹோட்டன் சமவெளியிலோ, பயணிகள் தாமாகவே நடந்து செல்கின்றனர். பறவை பார்க்கும் குழுக்களுடன் வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து அவர்களுடனேயே திரும்பிவிடுகின்றனர்.

இப்பூங்காவைச் சூழவுள்ள நுவரெலியா மாவட்டத்தின் தோட்டங்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையகத் தமிழ் மக்களே. நாளொன்றுக்கு 1,000 ரூபா சம்பளம் என்ற கோரிக்கை நிறைவேறுவதற்கே அவர்கள் 2021 வரை போராட வேண்டியிருந்தது. அவர்களது பிள்ளைகளில் எத்தனையோ பேர் கொழும்பின் கடைகளை நாடிச் செல்கின்றனர். பனியையும் ஓடையையும் பறவைக் குரலையும் பிறந்தது முதல் அறிந்த இவர்களுக்கு முறையான பயிற்சியளித்தால், சிறந்த வழிகாட்டிகளாக விளங்குவர் என்பதில் ஐயமில்லை.

இதற்குப் புதிய சட்டமொன்று தேவையில்லை. குறித்த ஓரிடத்துக்கான வழிகாட்டி அனுமதிப்பத்திரம் வழங்கும் நடைமுறை சுற்றுலாத்துறையில் ஏற்கனவே உண்டு. அதற்கான பயிற்சியும் பரீட்சையும் நுவரெலியாவிலேயே, தமிழ்மொழியிலும் நடத்தப்பட வேண்டும். தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலம் அப்பயிற்சியின் பகுதியாக வேண்டும். பறவை பார்க்க வரும் குழுக்களுக்கு உள்ளூர் வழிகாட்டியைக் கட்டாயமாக்கி, குழுவின் அளவையும் வரையறுக்க வேண்டும். ஒலிப்பதிவுகளைப் பயன்படுத்துவதை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் உறுதியாகத் தடுக்க வேண்டும். உள்ளூர்ப் பாடசாலை மாணவருக்கு இச்சேவை இலவசமாகக் கிடைத்தல் வேண்டும். இல்லையேல், தம் வீட்டு வாசலிலுள்ள காடு அயலாருக்கே உரியது என்ற எண்ணத்துடனேயே அவர்கள் வளர்வர்.

2018 இல் 23 இலட்சத்தைத் தாண்டிய உல்லாசப் பயணிகளின் வருகை, நெருக்கடிகள் பலவற்றின் பின்னர் 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. தொகையை எண்ணி மகிழ்வது எளிது. வருவோர் விட்டுச்செல்லும் பணத்தில் ஒரு பங்கேனும் அயலிலுள்ள லயன் அறைகளைச் சென்றடைகின்றதா என்பதே உண்மையான அளவுகோலாகும். காட்டினால் வாழ்வு பெறும் மக்கள் அக்காட்டை அழியவிடமாட்டார்கள். சம்பந்தப்பட்டோர் இதனை உணர்ந்து செயற்பட வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.