மானுக்கும் காது உண்டு

வேட்டை என்றதும் நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கட்டுரையில் மானைவிட மனுஷன்தான் அதிகம் விழப்போகிறான்.

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் லட்சக்கணக்கானவர்கள் காட்டுக்குப் போய் மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். வெள்ளைவால் மான் வேட்டை. நம் சோளக்கொல்லைப் பரண் மாதிரி, பதினைந்து இருபது அடி உயரத்தில் ஒரு சின்ன இரும்புத் தட்டு. பெயர் ட்ரீ ஸ்டாண்ட். இப்போது பலர் கையில் கிராஸ்போ. துப்பாக்கிக் கட்டையின் தலையில் வில்லைக் குறுக்கே பொருத்தினால் எப்படி இருக்கும், அதுதான். கிறிஸ்தவர்கள் மேல் இதை எய்யக் கூடாது என்று 1139-ல் லேட்டரன் திருச்சபை மாநாடு தடை போட்டது (மற்றவர்கள் மேல்? கேட்காதீர்கள்). 1199-ல் இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டின் உயிரைக் குடித்ததும் இதுதான். விஸ்கான்சின் மாநிலத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் இருந்த அனுமதி, 2014-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

'பாவம், மானை ஏன் கொல்ல வேண்டும்?' என்பீர்கள். நியாயமான கேள்வி. ஓநாயையும் மலைச் சிங்கத்தையும் கிழக்கு மாநிலங்களில் மனிதன் எப்போதோ துடைத்துவிட்டான். 1900 வாக்கில் சில லட்சமாகச் சுருங்கியிருந்த மான்கள் இன்று கோடிக்கணக்கில் பெருகி, பயிரைத் தின்கின்றன. காட்டில் இளங்கன்று தலையெடுக்க விடுவதில்லை. காரில் மோதிச் சாகின்றன. ஆகவே வேட்டையே கூடாது என்று நான் சண்டைக்கு வரவில்லை. என் சண்டை இரண்டு பொய்களோடு.

முதல் பொய்: 'நூறு கஜத்திலும் குறி தப்பாது.' கிராஸ்போ விளம்பரங்களின் பல்லவி இது. அட்டையில் குறி தப்பாது, ஒப்புக்கொள்கிறேன். அட்டைக்குக் காது கிடையாதே! கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகமான அம்பு வினாடிக்கு 400 அடி பறக்கிறது. சத்தம் சுமார் 1,100 அடி. மான் அறுபது கஜத்தில், அதாவது 180 அடியில், நிற்கிறது. விசையைத் தட்டியதும் நாண் எழுப்பும் 'டப்' 0.16 வினாடியில் மானின் காதுக்குப் போய்விடும். அம்பு போய்ச்சேர அரை வினாடி ஆகும். நடுவில் மூன்றில் ஒரு பங்கு வினாடி. மிரண்ட மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்த அது தாராளம். இதயத்துக்கு வைத்த குறி முதுகில் பாயும். அந்த மான் உடனே சாகாது. அம்போடு ஓடி, எங்கோ புதரில் கிடந்து சாகும். இருபது கஜத்திலோ அதற்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு வினாடிதான். ஆக, துல்லியம் என்பது வில்லின் விலையில் இல்லை, சார். எய்பவனின் பொறுமையில் இருக்கிறது. கிட்டே வரட்டும், பக்கவாட்டில் நிற்கட்டும், பதற்றமில்லாமல் மேயட்டும். இல்லையா, விசையிலிருந்து விரலை எடு.

உயரத்திலிருந்து எய்வதில் இன்னொரு வில்லங்கம். மான் மரத்தடிக்கே வந்துவிட்டால் அம்பு செங்குத்தாக இறங்கி, ஒரு நுரையீரலை மட்டும் கிழிக்கக்கூடும். ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் ஓடும். அதனால்தான் அம்பு எங்கே நுழைகிறது என்பதைவிட எங்கே வெளியே வரும் என்று பார்க்கச் சொல்கிறார்கள் அனுபவசாலிகள்.

இரண்டாவது பொய்: 'எனக்கு எதுக்குய்யா பெல்ட்டு? முப்பது வருஷமா ஏறறேன்.' ஹெல்மெட்டை பெட்ரோல் டாங்க் மேல் வைத்து ஓட்டுகிற நம்மூர் வீரனின் அமெரிக்க அண்ணன் இவன். அங்கே வேட்டைக்காரர்கள் சாவதற்கும் முதுகெலும்பு முறிவதற்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று, மரத்திலிருந்து விழுவது. அதுவும் ஏறும்போது, இறங்கும்போது, ஏணியிலிருந்து தட்டுக்குக் கால் மாற்றும்போது. மேலே போய் மாட்டிக்கொள்கிற பெல்ட் இதற்கு உதவாது. தரையிலிருந்தே மரத்தோடு ஒரு கயிறு. அதில் நழுவி, இழுத்தால் இறுகும் முடிச்சு. அதோடு இணைந்த முழு உடல் ஹார்னஸ். இவ்வளவுதான் செலவு. வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதே. அம்பு பூட்டாமல் கீழே வைத்து, மேலே போனபின் கயிற்றில் தூக்கு. எய்யும்போது கட்டைவிரல் நாண் ஓடும் பாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், விரல் போய்விடும்.

இவை எதுவும் ரகசியமில்லை. வேட்டை உரிமத்துக்கான வகுப்பிலேயே பாதுகாப்புப் பாடம் உண்டு. தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள், நம்மூர் டிரைவிங் லைசென்ஸ் மாதிரி. வில்லுக்கு ஆயிரம் டாலர் கொடுக்கிறவன், கயிற்றுக்கு நாற்பது டாலர் கொடுக்க யோசிக்கிறான். கயிறு கோழைத்தனமாம்!

மானைக் கொல்ல அவனுக்கு உரிமம் இருக்கிறது. அரைகுறையாகக் கொல்லவோ, சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை ஏமாற்றவோ எந்த அரசாங்கமும் உரிமம் தரவில்லை. எப்போது எய்யக் கூடாது, எப்படி முழுசாக இறங்குவது. இந்த இரண்டும் தெரியாதவன் கையில் இருப்பது வெறும் விலை உயர்ந்த விளையாட்டுச் சாமான்.