ரயில் நேரமும் நம் கூலியும்



செக்ரோல் எழுதும் தோட்டக் கிராணிக்கு ரயிலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். பெரட்டுக்குப் பிந்தி வந்தவருக்கு அரைப்பேர் போட்ட கை இது. கால் மணி நேரத்துக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலை எனக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நம்மவர்களில் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டனர், பிள்ளைகள் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கின்றனர். அவர்களில் பலருக்கு இன்று பெரட்டுக் களம் ரயில் நிலையந்தான்.

1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் பாதை போட்டபோது ஈயம் ஏற்றவே போட்டார்கள். பின்னால் ரப்பரும் அதிலே போயிற்று. கட்டை சுமந்து, கல் கொட்டி, காய்ச்சலில் மடிந்தவர்களில் நம் பாட்டன்மார் எத்தனையோ பேர். அந்தப் பாதையில் பாட்டாளியை வேலைக்கு ஏற்றிச் செல்லும் மின்சார ரயில் வர 1995 வரை காத்திருக்க நேர்ந்தது. ரவாங்–சிரம்பான் ஒன்று, செந்தூல்–போர்ட் கிள்ளான் மற்றொன்று. கொமுட்டர் என்ற பெயர் நம் வீட்டுப் பேச்சிலும் புகுந்தது.

நல்லதை நல்லதென்றே சொல்வோம். 2010-இல் பெண்களுக்குத் தனிப் பெட்டி வந்தது. அதே ஆண்டு பத்துமலை வரை ரயில் ஓடியது. கிள்ளானில் ஏறிய குடும்பம், கையில் பால்குடமும் இடுப்பில் பிள்ளையுமாக, மாறாமல் பத்துமலையில் இறங்கிய காலம் அது. 2012-இல் ஆறு பெட்டி ரயில்களும் வந்து நெரிசலைக் கொஞ்சம் தணித்தன.

2015 டிசம்பரில் பாதையை மாற்றினார்கள். பத்துமலை ரயில் சிரம்பான், தம்பின் பக்கம் திரும்பியது. போர்ட் கிள்ளான் ரயில் ரவாங் பக்கம் போயிற்று. சிரம்பான் மக்களுக்கு நேர் ரயில் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் கிள்ளான்காரர் நடுவிலே இறங்கி, மாறி, காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே மாதம் கட்டணமும் கிலோமீட்டருக்கு 11 காசிலிருந்து 15 காசாக ஏறியது. ஏறிய காசு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. காத்திருந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

2016 முதல் தண்டவாளச் சீரமைப்பு. பழைய பாதையைப் புதுப்பிக்கத்தான் வேண்டும். அதை எதிர்ப்பது மடமை. வேலை நடந்த இடங்களில் ஒற்றைப் பாதையில் ஓட்டியதால் ரயிலுக்கும் ரயிலுக்கும் இடைவெளி நீண்டது. மோட்டார் வைத்திருப்பவர் அதில் ஏறிப் போய்விட்டார். காலை ஏழு மணி ஷிப்டுக்குப் போகிறவர் என்ன செய்வார்? ஒரு ரயில் முன்னதாகப் பிடிக்க, ஒரு மணி நேரத் தூக்கத்தை விற்றார். அதற்கு ஓவர்டைம் கிடையாது.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ரயில் நேரத்தை மாற்றும்முன் ஷிப்டு தொடங்கும் நேரங்களைத் தொழிற்சங்கங்களிடம் நிர்வாகம் கேட்டறிய வேண்டும். ரயில் தாமதம் என்று நிலையத்தில் அறிவித்த நாளில் பிந்தி வந்தவர் கூலியில் கை வைக்கக் கூடாது என்று நம் கூட்டு ஒப்பந்தங்களில் ஒரு வரி ஏற வேண்டும். முதலாளிமார் முகம் சுளிப்பார்கள். மழை நாள் கூலி கேட்டபோது சுளிக்காத முகமா?

வெறும் வாயால் கேட்டால் நடக்காது, கணக்கு வேண்டும். பாதையோரக் கிளைகள் ஒரு மாதம் ரயில் வந்த நேரத்தையும் ஆள் வேலைக்குச் சேர்ந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். செக்ரோல் போலவே கட்டம் போட்ட தாள்களை நான் எழுதித் தருகிறேன். ஆளனுப்பி வாங்கிக்கொள்ளலாம்.