வண்டிக்கு ஸ்நானம்

ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் நமது ஊர்களில் மனிதர்களைவிட யந்திரங்களுக்கே ஸ்நான யோகம் அதிகம். இராஜபாளையத்து நூல் ஆலைகளில் சக்கரங்களைத் துடைத்துச் சந்தனப் பொட்டிடுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத் தெருவில் தராசும் பால்கோவாச் சட்டியும் பளபளக்கின்றன. வீட்டு வாசல்களிலோ மோட்டார் வண்டிகள் குளிப்பதற்குக் காத்து நிற்கின்றன. மேலெல்லாம் தேய்த்து முடித்த உற்சாகத்தில் வீட்டுக்காரர் முன்மூடியையும் திறந்து, எஞ்சினுக்கும் நாலு குடம் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார். புறத்தை அலம்பிய கை அகத்தையும் அலம்ப வேண்டாமா என்பது அவருடைய நியாயம். நியாயம் சரியே, நாலு குடந்தான் தவறு.

இந்த வேலையை வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புகிறவரை நாம் குறை கூறமாட்டோம். 1927-ல் காந்தியடிகள் வந்து கதரைப் பற்றிப் பேசிச் சென்ற ஊர் இராஜபாளையம். தன் வேலையைத் தானே செய்வதில் இழிவில்லை என்று அவ்வூராருக்கு நாம் உபதேசிக்க வேண்டியதில்லை. ஆயினும் கை வேலைக்குக் கையோடு கருத்தும் வேண்டும். மோட்டார் வண்டியின் எஞ்சின் அறையில் நெருப்பு, அமிலம், மின்சாரம், எரிபொருள் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ்க் குடியிருக்கின்றன. அங்கே தண்ணீரை அழைத்துப் போகிறவர் சற்று யோசித்தே அழைத்துப் போக வேண்டும்.

முதலில், எதற்காகச் சுத்தம் செய்கிறோம்? அழகுக்காக அன்று, கண்ணுக்குத் தெரிவதற்காக. புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பியிருக்கும் எஞ்சினில் எந்த இடத்தில் எண்ணெய் கசிகிறது, எந்த ரப்பர்க் குழாய் வெடித்திருக்கிறது, எந்தக் கம்பியின் உறை உரிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பஞ்சுக் கிடங்குகளுக்கு அருகே நிற்கும் வண்டிகளில் பஞ்சுத் தூசி ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் படிந்து காற்றைத் தடுக்கும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். எலிகளோ இன்னும் சாமர்த்தியசாலிகள். 2005-ல் தபால் தலையில் இடம் பெற்ற பெருமையுடைய இராஜபாளையம் நாய் வாசலில் காவல் இருக்கும்போதே, எலி எஞ்சினுக்குள் குடித்தனம் வைத்துவிடும். கந்தலும் சருகும் சேர்த்து அது கட்டிய கூடு புகைபோக்கிக் குழாயின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும். ஆகையால் இந்தச் சுத்தம் வீண் ஆடம்பரம் அல்ல. வண்டியில் ஏறும் குழந்தை குட்டிகளின் பாதுகாப்பைப் பற்றிய விஷயம்.

செய்யத் தகாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பெட்ரோலால் எஞ்சினைத் துடைக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. பிசுக்கு உடனே போய்விடுகிறது என்பது உண்மை. 1888-ம் ஆண்டு ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற மாதரசி தம் கணவர் செய்த மோட்டார் வண்டியில் மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது அவர் அதை வாங்கியது ஒரு மருந்துக் கடையில்! கறை போக்குவதற்காகவே அக்காலத்தில் அது அங்கே விற்கப்பட்டது. கறை போக்கும் குணமும் எரிந்து சீறும் குணமும் ஒரே பொருளுக்கு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? பெட்ரோல், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலேயே தீப்பற்றத் தக்க ஆவியை விடுகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், பூஜை அறை விளக்கையோ சமையலறை அடுப்பையோ தேடிப் பிடிக்கும். பிடித்ததும் வந்த வழியே நெருப்பாகத் திரும்பி வரும். ஆகவே வீட்டில் எஞ்சினைத் துடைக்கப் பெட்ரோல் கூடவே கூடாது.

இரண்டாவது, பீச்சும் யந்திரம். வண்டிச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. வீடுகளில் வாங்கி வைக்கும் சிறிய பீச்சு யந்திரமோ 1,500 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீரை வீசும். மின் இணைப்புகளின் ரப்பர் மூடிகள் மழைத் துளிக்கு அஞ்சமாட்டா. இந்த வேகத்துக்குத் தாங்கமாட்டா. நீர் உள்ளே புகுந்து பல நாள் கழித்துத் துருவாக வெளிப்படும். காற்று உறிஞ்சும் குழாய் வழியாக எஞ்சினுக்குள்ளேயே புகுந்துவிட்டாலோ, சங்கடம் பெரிது. காற்றை நெருக்கலாம்; தண்ணீரை நெருக்க முடியாது. மேலேறும் பிஸ்டன் அதை நெருக்கப் பார்க்கும்போது இரும்புத் தண்டே வளைந்துவிடும்.

இனிச் செய்ய வேண்டியவை. வண்டியோடு வந்த கைப்புத்தகத்தைப் படித்து, அதைச் செய்தவர்கள் எஞ்சின் அறையை நனைக்க அனுமதிக்கிறார்களா என்று அறிந்துகொள்ளுங்கள். மின்சாரத்தால் ஓடும் வண்டியாயின், ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் உண்டு. அதைத் தேர்ந்தவர்களிடம் விட்டுவிடுவதே விவேகம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப் பிரேக்கைப் போடுங்கள். ஆடிப்பூரத் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுவதைக் கண்டிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் அன்பர்களுக்குச் சக்கரத்தின் கீழ்க் கட்டை வைக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. எஞ்சின் முற்றிலும் ஆறட்டும். மாலையில் ஓடிய வண்டியை மறு நாள் காலையில் தொடுவது உத்தமம். சூடாயிருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், கொதிக்கும் நீர் முகத்தில் பாயும். சாவி வண்டியில் இருக்க வேண்டாம். எஞ்சின் நின்ற பிறகும் விசிறி தானாகச் சுழலக்கூடும். விரல் அதற்குத் தெரியாது.

பிறகு பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை, அதாவது கறுப்புக் கம்பியை, முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதையே கடைசியில் மாட்டுங்கள். இந்த முறையை மாற்றினால், நேர்முனையில் வைத்த இரும்புச் சாவி வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிவருவதுண்டு. பீடியும் சிகரெட்டும் பத்தடி தள்ளியே நிற்கட்டும். முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவத்தைச் சமையல் சோடா கரைத்த நீரால் நனைத்துத் துடைத்தால் அமிலம் அடங்கும். அந்த நீர் பாட்டரிக்குள் விழலாகாது. கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்வது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல.

எலிக் கூடோ புழுக்கையோ இருந்தால், உலர்ந்தபடியே பெருக்கித் தூசியைக் கிளப்பாதீர்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கிருமிநாசினி தெளித்து ஊறவைத்து, கையுறையோடு அள்ளுங்கள். எலிக் காய்ச்சல் எலியின் சிறுநீரால் பரவுவது. மற்ற புழுதியையும் சருகையும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டால், பாதி வேலை தண்ணீரின்றியே முடிந்தது.

அடுத்து, காற்று உறிஞ்சும் வாய், மின்சாரம் உண்டாக்கும் ஆல்ட்டர்னேட்டர், பியூஸ் பெட்டி, கம்ப்யூட்டர்ப் பெட்டி, தீப்பொறிச் சுருள்கள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். எண்ணெய் மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீரில் கரையும் பிசுக்கு நீக்கி ஒன்றைத் துணியில் நனைத்துச் சிறிது சிறிதாகத் தேயுங்கள்; ரப்பர்ப் பட்டைகளின் மேல் படவிடாதீர்கள். காய்வதற்கு முன்பே, நனைத்துப் பிழிந்த வேறு துணியால் துடைத்தெடுங்கள். பால்கோவா கிண்டுகிறவர் தீயைக் கூட்டி அவசரப்பட்டால் பால் அடிப்பிடித்துப் போகும். இங்கும் அதே நியாயந்தான்: நிதானமே முறை.

இராஜபாளையத்தில் ஆலைக் கழிவு நூலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் இழைகள் திருகாணிகளில் சிக்கிக்கொண்டு நின்றுவிடும். பழைய வேஷ்டித் துண்டே மேல். எத்தனை துண்டுகளை எடுத்தீர்களோ அத்தனையும் திரும்பி வந்தனவா என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே மறந்துபோன ஒரு துண்டு, சூடான குழாயில் பட்டால் கொள்ளி.

முடிந்ததும் முன்மூடியைத் திறந்தபடியே நிழலும் காற்றும் உள்ள இடத்தில் சில மணி நேரம் உலரவிடுங்கள். கட்டிய பைகள் அனைத்தையும் அவிழ்த்த பிறகே பாட்டரியை இணையுங்கள். எஞ்சினை ஓட்டிச் சில நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். புதுச் சத்தமோ எச்சரிக்கை விளக்கோ தோன்றினால், நிறுத்திவிட்டு ஒர்க்ஷாப்புக்குச் சொல்லியனுப்புங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. அழுக்குத் தண்ணீர் எங்கே போயிற்று? பெரும்பாலோர் கேட்காத கேள்வி இது. எண்ணெய் கலந்த நீர் தெருச் சாக்கடை வழியே கண்மாயைச் சேர்கிறது. மண்ணில் ஊறிக் கிணற்றையும் எட்டிப் பார்க்கிறது. மேற்கு மலையின் அடிவாரத்தில் இருந்தும், கண்மாய்களில் தேங்கும் நீரை நம்பி உழவு நடத்தும் சீமை இது. இங்கே தண்ணீர், தெய்வத்துக்கு அடுத்தபடி. வண்டியின் கீழ் மரத்தூளையோ மணலையோ பரப்பி, வடிவதை அதில் ஏந்தி, தனியே கட்டி ஒதுக்குங்கள். ஒரு வாளி நீரும் ஈரத் துணியும் போதும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வீட்டு வண்டி சுத்தமாயிருப்பது நல்லதே. அதற்காக ஊர் நீர் அழுக்காகலாகாது, வீடு தீக்கிரையாகலாகாது. குடத்தைக் கீழே வைத்துத் துணியைக் கையிலெடுங்கள். இந்த வருஷம் உங்கள் வண்டி பொட்டு வைத்துக்கொண்டு பத்திரமாகப் பூஜைக்கு நிற்கட்டும்!