விரலுக்கு மறுக்கப்பட்ட எண்ணும் எழுத்தும்

"கண்ணில்லாத புள்ளைக்குக் கணக்கு எதுக்கு? நாலு பாட்டுப் பழக்கிவிட்டாப் போதும்" என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சொன்னதைச் சிறுவயதிற் கேட்டிருக்கிறேன். எழுத்தறியாத அவரை நொந்து பயனில்லை. அதே கருத்தைப் பட்டதாரிகளும், "தொலைபேசியே எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுகிறதே, இனிப் பிறெயில் எதற்கு?" என்று நாகரிகமாக மொழியும்போது வாளாவிருக்க இயலவில்லை.

தமிழ் கற்போர் இவ்வாறு பேசுவது விந்தையிலும் விந்தை. முந்நூறும் முன்னூறும் செவிக்கு ஒன்றே. தந்நகரமும் றன்னகரமும் பிறெயிலில் வெவ்வேறு புள்ளிக் கோலங்கள் ஆதலால் விரலுக்கு அவை இரண்டு. கேள்வி ஒன்றனையே நம்பி வளரும் பிள்ளை எழுத்தறியாப் பிள்ளையன்றி வேறென்ன? (1824 இல் இப்புள்ளி எழுத்தை வகுத்த லூயி பிறெயில், பார்வையற்ற பதினைந்து வயதுச் சிறுவன். இரக்கப்பட்ட பெரியோர் எவரும் அதனை வகுக்கவில்லை.)

அகரம் ஒற்றைப் புள்ளி. அதன்முன் எண்குறி நின்றால் அதுவே 1. மேல், கீழ், இடம், வலம், ஒன்று, பல என்பன விரலில் ஊறாத பிள்ளைக்கு இந்நுட்பம் எங்ஙனம் வசப்படும்? அஃது உபதேசத்தால் வருவதன்று, விளையாட்டால் வருவது. முட்டைத் தட்டில் ஆறு குழிகளை வெட்டியெடுத்தால் அதுவே பிறெயிற் கட்டம்; தேயிலை விதைகளே புள்ளிகள். நம் பாட்டிமாரின் பல்லாங்குழிக்குக் கண் எதற்கு? பதினான்கு குழிகளைத் தடவி, ஒவ்வொன்றாய் இட்டு, நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளும் விரல் கணிதம் பயில்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எனக் கொழுந்தைத் தொட்டே அறிந்து கிள்ளுகிறாள் தாய்; அவள் மகளின் விரலுக்கு மட்டும் அறிவில்லையோ?

பாடசாலைகள் இல்லாமலில்லை. மேரி சப்மன் அம்மையார் 1912 இல் தொடங்கிய பணி இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956 இல் எழுந்தது. இரண்டும் மலையகத்துக்குத் தொலைவு. போர்க்காலத்திற் கைதடிக்குச் செல்லும் வழியே நெடுங்காலம் அடைபட்டிருந்தது. யான் வினவுவது பாடசாலைக்கு முந்திய ஆண்டுகளைப் பற்றி. அடுத்த லயத்துச் சிறுமி ஒருத்தி விடுதிப் பாடசாலைக்குப் புறப்பட்டபோது அவளுக்கு வயது ஒன்பது. பாட்டு நாலும் தெரியும். பத்துவரை பிழையின்றிச் சொல்வாள். ஏழு கூழாங்கற்களைக் கையில் வைத்து எத்தனை என்று கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. குற்றம் அவளதா?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. இவற்றால் எங்கள் பிள்ளை மடுவத்திற்கு ஒரு முட்டைத் தட்டுக்கூட வந்து சேரவில்லை. 'ஒரு தோட்டத்தில் ஓரிரு பிள்ளைகளுக்காகவா இத்தனையும்?' என்பர். பார்வையுள்ள பிள்ளைகளும் அதே விதைகளை எண்ணி விளையாடலாமே! மடுவத்துப் பொறுப்பாளர்க்குச் சில நாட் பயிற்சி அளிக்கட்டும்; பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியினின்று வெளிவரும் ஒவ்வோர் ஆசிரியரும் அவ்வாறு புள்ளிகளை அறிந்து வெளிவரட்டும். பார்வையற்றோரைப் பற்றி ஆண்டுதோறும் இரக்கக் கவிதை எழுதும் நம் மாணவக் கவிஞர்களும் அடுத்த விடுமுறையில் ஒரு பை தேயிலை விதையோடு மலையேறலாம்.